சைகை மொழி படித்தால் நம் பக்கம் என்ன வேலைக்குப் போகலாம்? இராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் சொல்லுங்கள்

அலைக்கரை | மார்ச் 8, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தங்கச்சிமடம். போன வருடம் பி.காம். முடித்தேன். அடுத்த வீட்டுச் சித்தப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அப்பாவும் அவரும் இருபது வருடமாக ஒரே விசைப்படகில் போகிறார்கள். நான் தவழ்ந்ததே அவர் வீட்டு வாசலில்தான். அவர் கையைக் காட்டிச் சொல்வது எனக்குத் தமிழ் மாதிரியே புரியும். ரேஷன் கடை, வங்கி, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்.

இரண்டு வருடமாக இந்திய சைகை மொழியை வீடியோ பார்த்துக் கற்று வருகிறேன். டெல்லியில் உள்ள சைகை மொழி ஆராய்ச்சி மையம் போட்டிருக்கும் அகராதி வீடியோக்கள்தான் பெரும்பாலும். அதில் கற்றதைச் சித்தப்பாவிடம் காட்டினால் பாதிக்கு மேல் அவருக்குப் புரியவில்லை. இது எந்த ஊர்ப் பேச்சு என்பது போல என்னைப் பார்க்கிறார்.

போன மாதம் நடந்த ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சித்தப்பாவுக்குக் காலில் திருக்கை முள் குத்திவிட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஐந்து நாள் விடாமல் போட வேண்டும். நான் கை காட்டிய விதத்தில் 'வலி இருக்கும்வரை போடு' என்று அவர் புரிந்துகொண்டார். இரண்டாம் நாள் வலி குறைந்ததும் நிறுத்திவிட்டார். புண் பழுத்து, மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று. தப்பு என்னுடையதுதான்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இதை முறையாகப் படிக்க வேண்டும் என்று. முடிந்தால் இதையே வேலையாகவும் செய்ய ஆசை. அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வீட்டில் எனக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். காது கேட்கிற ஒருத்தி சைகை மொழி படித்தால் என்ன வேலை கிடைக்கும்? நம் மாவட்டத்திலேயே இருந்து செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாயல்குடிக்காரி | மார்ச் 8, இரவு 11.05

தங்கச்சி, பிறந்த ஊர் சாயல்குடி, இப்போது மதுரையில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகச் சைகை மொழிபெயர்ப்புதான் என் தொழில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் படிப்பு. இந்திய சைகை மொழிபெயர்ப்புக்கான இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் 'டிஸ்லி' என்போம். பிளஸ் டூவில் 50 சதவீதம் இருந்தால் போதும், எந்தப் பாடப் பிரிவானாலும் சரி. டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் நடத்துகிறது. மும்பை அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம், திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள நிஷ், கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனம் ஆகிய இடங்களிலும் இருக்கிறது. உனக்குக் கோயம்புத்தூர்தான் வசதி. படிப்பு எதுவானாலும் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சேர். மூன்று மாதச் சான்றிதழ், ஆறு வாரச் சான்றிதழ் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கட்டிவிடாதே. மொழி பழக அவை உதவலாம். அரசு வேலைக்கும் நீதிமன்றத்துக்கும் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைத்தான் கேட்பார்கள்.

அடுத்தது வேலை. சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் 2007 முதல் நடக்கின்றன. அடையாற்றில் புனித லூயிஸ் கல்லூரி இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லூரிகளில் பாடத்தைச் சைகையில் சொல்ல ஆள் வேண்டும். டிவி செய்தி, அரசு விழா, கம்பெனி நேர்முகத் தேர்வு, போலீஸ், நீதிமன்றம் என்று அழைப்புகள் வரும். வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் மொழிபெயர்க்கும் வேலையும் வளர்ந்து வருகிறது. ஆனால் இராமநாதபுரத்தில் மாதச் சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை தயாராக இருக்கிறது என்று நான் சொன்னால் அது பொய். நான் பார்த்தவரை நம் மாவட்டத்தில் அழைப்புக்கு அழைப்பு பணம்தான். ஒரு மாதம் பத்து நாள் வேலை இருக்கும், அடுத்த மாதம் இரண்டே நாள்.

மாத்திரை விஷயத்தில் மனதை விட்டுவிடாதே. இப்படி ஒரு தவறு செய்யாத மொழிபெயர்ப்பாளர் யாரையும் நான் சந்தித்ததில்லை. பயிற்சியில் முதலில் கற்றுத் தருவது, சொன்னதை அவர் கையாலேயே திருப்பிச் சொல்ல வைப்பது. மாத்திரை அட்டையை டாக்டர் முன்னாலேயே பிரித்து, இது இன்று காலை, இது இன்று இரவு, இது நாளை என்று சித்தப்பாவை எண்ணிக் காட்டச் சொல்லியிருந்தால் அங்கேயே பிழை தெரிந்திருக்கும். அடுத்த முறை அப்படிச் செய்.

பேசும்விரல் | மார்ச் 9, காலை 6.15

நான் டெஃப், காது கேளாதவன். இராமேசுவரம். பாளையங்கோட்டை காது கேளாதோர் பள்ளியில் படித்தேன். தமிழ் எனக்கு இரண்டாவது மொழி. சைகைதான் முதல் மொழி.

தங்கச்சி நல்ல கேள்வி கேட்டிருக்கிறது. நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

காது கேட்பவர்கள் நிறைய பேர் சைகை கற்க வருகிறார்கள். எனக்குச் சந்தோஷம். ஆனால் சிலர் ஆறு மாதம் கற்கிறார்கள், பிறகு தாங்களே வகுப்பு ஆரம்பிக்கிறார்கள். கட்டணம் வாங்குகிறார்கள். சைகை கற்பிக்கும் வேலை எங்களுடையது. அதற்கென்று தனி டிப்ளமோ இருக்கிறது, அதில் காது கேளாதவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். எங்களுக்கு எத்தனை வேலைக் கதவு திறந்திருக்கிறது? மிகக் குறைவு. அந்தக் கதவில் நீங்கள் நிற்க வேண்டாம். கேட்கவும் வேண்டும், கை பேசவும் வேண்டும் என்கிற இடத்துக்கு வாருங்கள். அந்த இடத்தில் ஆளே இல்லை.

இன்னொன்று. இரகசியம். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது சொந்தக்காரப் பையன் ஒருவன் கூட வந்து பேசினான். நான் சொன்னது எல்லாம் மறுநாள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆறு வருடம் நான் ஆஸ்பத்திரிக்கு யாரையும் கூட்டிப் போகவில்லை. பேப்பரில் எழுதிக் காட்டினேன். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அதுவே பரவாயில்லை என்று இருந்தேன்.

மொழிபெயர்ப்பாளர் என்றால் கேட்டதை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். ஊர்க்காரியாக இருந்தால் அது இன்னும் கஷ்டம். அதை யோசித்துக்கொள்.

தொண்டிக்காரன் | மார்ச் 9, காலை 10.30

தங்கை மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது போனில் தமிழில் பேசினால் அப்படியே எழுத்தாக வருகிறது. என் கடையில் காது கேளாத வாடிக்கையாளர் ஒருவர் வருவார், அவரோடு நான் அப்படித்தான் பேசுகிறேன். இரண்டு வருடம் கோயம்புத்தூரில் தங்கிச் செலவழித்துப் படித்துவிட்டு வரும்போது இந்த வேலையே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது?

பேசும்விரல் | மார்ச் 9, மதியம் 1.10

தொண்டி அண்ணே, உங்கள் கடைக்கு வருபவருக்குப் படிக்கத் தெரியும். நல்லது. அலைக்கரையின் சித்தப்பா பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். போனில் எழுத்து வந்தால் அவர் என்ன செய்வார்?

பள்ளிக்கூடம் போனவர்களுக்கும் கஷ்டம்தான். நீங்கள் தமிழைக் காதால் கேட்டுக் கேட்டு, பேசிப் பழகி, அப்புறம் எழுத்து கற்றீர்கள். நாங்கள் கேட்காத ஒரு மொழியை எழுத்தில் மட்டும் கற்கிறோம். பாளையங்கோட்டைக்கு முன்னால் என்னைச் சேர்த்த ஒரு பள்ளியில் கையை அசைத்தால் ஸ்கேலால் அடி. வாயைப் பார், வாயைப் பார் என்பார்கள். பழம், பாலம், பலம், மூன்றுக்கும் வாய் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. நான்கு வருடம் போனது.

எழுத்து உங்கள் பேச்சை எனக்குக் காட்டும். என் கையை உங்களுக்கு யார் சொல்வார்கள்?

சாயல்குடிக்காரி | மார்ச் 9, இரவு 8.45

பேசும்விரல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சைகை மொழி என்பது தமிழை ஒவ்வொரு சொல்லாகக் கையில் காட்டுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதற்கென்று தனி இலக்கணம் இருக்கிறது. 'நேற்று ஏன் வரவில்லை' என்பதில் நேற்று முதலில் வரும், 'ஏன்' கடைசியில் வரும். ஆமாம், இல்லை என்று பதில் வர வேண்டிய கேள்வியில் கை மாறாது, புருவம்தான் மேலே ஏறும். புருவத்தைப் பார்க்காதவர் அதைக் கேள்வி என்றே அறியமாட்டார். தலையை ஆட்டி மறுப்பதை விட்டுவிட்டால் வாக்கியமே தலைகீழாகிவிடும். இதை எழுத்தாக்கும் போன் இன்னும் நீதிமன்றத்துக்கு வரவில்லை.

முதுகுளத்தூர் வக்கீல் | மார்ச் 9, இரவு 10.20

நீதிமன்றம் என்றதும் எழுதத் தோன்றியது. இந்தப் பக்கம் வேலையே இல்லை என்று அந்தத் தங்கை நினைத்துவிட வேண்டாம். சட்டப்படி வேலை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத்தான் ஆள் குறைவு.

புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 2023-இன் 125-ஆம் பிரிவைப் பாருங்கள். வாயால் பேச இயலாத சாட்சி எழுத்திலோ சைகையிலோ சாட்சியம் சொல்லலாம், அது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும். வார்த்தையில் சொல்ல இயலாதவர் என்றால் நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெற்று வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 119-ஆம் பிரிவிலும் இதுவே இருந்தது.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகளில் இன்னும் தெளிவு. 2012 சட்டத்தின் 38-ஆம் பிரிவு மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் கொடுக்கச் சொல்கிறது. 2020 விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் மொழிபெயர்ப்பாளர்கள், சிறப்புக் கல்வியாளர்களின் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். படித்து முடித்ததும் அந்த அலுவலகத்தில் போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் அழைப்பு வரும்.

உச்ச நீதிமன்றத்தில் 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் சைகை மொழிபெயர்ப்பாளர் உதவியோடு ஆஜரானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் வழக்கறிஞர் சங்க அறையில் நாள் முழுக்க அதே பேச்சு. நம் பக்கத்து நீதிமன்றங்களில் எத்தனை சாட்சிகள் 'இவருக்குப் பேச வராது' என்ற ஒரே வரியோடு விடப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கே அப்படி இரண்டு பேர் ஞாபகம் வந்தார்கள்.

சாயல்குடிக்காரி | மார்ச் 10, காலை 5.50

வக்கீல் சார் சொன்னதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. ஒரு வழக்கைப் பற்றி எழுதுகிறேன். ஊர், ஆள், நீதிமன்றம் எதையும் சொல்லமாட்டேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அலைக்கரை இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கரையில் நடந்த ஓர் அடிதடி. பார்த்த சாட்சி அறுபது வயதைத் தாண்டிய கடல்காரர், பிறவியிலேயே காது கேளாதவர், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். என்னை அழைத்தார்கள். முறையான இந்திய சைகை மொழியில் 'எப்போது, எங்கே, யார்' என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த ஒரு சைகைகூட அவருக்குச் சேரவில்லை. அவருக்கென்று ஒரு பேச்சு இருந்தது. அவருடைய மனைவி, அண்ணன், கூடப் போகும் நாலு பேர், இவர்களுக்குள் நாற்பது வருடமாகப் புழங்கி உருவானது. வீட்டுச் சைகை என்போம். தேதி, கிழமை, மணி என்பதெல்லாம் அதில் இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. 'புரியவில்லை' என்று நீதிபதியிடம் ஒப்புக்கொள்வதற்கு இவ்வளவு படித்தும் வெட்கமாக இருந்தது. ஆனால் ஒப்புக்கொண்டேன். புரிந்த மாதிரி எதையாவது சொல்லியிருந்தால் ஒருவர் சிறைக்குப் போயிருக்கலாம், அல்லது போக வேண்டியவர் தப்பியிருக்கலாம்.

நான் ஒரு காது கேளாதவரைத் துணைக்குக் கேட்டேன். நீதிபதி பொறுமையானவர், அனுமதித்தார். அடுத்த வாய்தாவுக்கு அதே கடற்கரையில் வளர்ந்த, சைகை மொழி கற்பித்து வரும் டெஃப் அண்ணன் ஒருவர் வந்தார். அவர் என்ன செய்தார் தெரியுமா? முதலில் கேள்வியே கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து வலை பின்னுவது போல நடித்தார், படகு கட்டிக் கிடப்பது போலக் காட்டினார், மீன்பிடித் தடைக்காலமா என்று புருவத்தைத் தூக்கினார். பெரியவர் இல்லை என்று தலையாட்டினார். அண்ணன் காற்றைக் காட்டினார், தோளைப் போர்த்திக் குளிருவது போல. பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. வாடைக்காற்றுக் காலம் என்று ஆயிற்று. அப்புறம் வானத்தில் வட்டம் போட்டார்கள், வட்டம் தேய்ந்தது, எத்தனை இரவு தேய்ந்தது என்று விரலால் எண்ணினார்கள். பெரியவர் சொல்வதை அண்ணன் சைகை மொழியில் எனக்குத் தந்தார், நான் தமிழில் சொன்னேன். நான்கு கேள்விக்கு மூன்று மணி நேரம் ஆனது. அவர் குறித்த இரவும் புகாரில் இருந்த தேதியும் சரியாகப் பொருந்தின.

அன்றைக்கு உண்மையான மொழிபெயர்ப்பாளர் அந்த டெஃப் அண்ணன்தான். நான் அவருக்குக் குரல் கொடுத்தேன். பணம் கொடுக்கும் தாளில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. மனு எழுதி அவர் பெயரையும் சேர்க்க வைத்தேன், அதற்கு ஐந்து மாதம் ஆனது.

தங்கச்சி, நீ வீடியோவில் கற்றதைச் சித்தப்பா புரிந்துகொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். அவர் பேச்சைத் திருத்தப் போகாதே. அவர் பேச்சு உனக்குத் தெரியும் என்பது, கோயம்புத்தூரிலும் டெல்லியிலும் உனக்கு யாரும் சொல்லித் தர முடியாத ஒன்று. அதை மறக்காமல் வைத்துக்கொண்டு டிப்ளமோ படி.

கீழக்கரை லாத்தா | மார்ச் 10, மதியம் 12.40

நான் ஒரு உம்மாவாகப் பேசுகிறேன். என் மகனுக்கு ஏழு வயது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்க அறுவைசிகிச்சை செய்து பொருத்தும் காக்ளியர் கருவி வைத்தோம், மூன்று வயதில். கொஞ்சம் கேட்கிறான், கொஞ்சம் பேசுகிறான். கூட்டத்தில், கல்யாண வீட்டில், கருவியைக் கழற்றிய பிறகு ஒன்றும் கேட்காது. பேச்சுப் பயிற்சி கொடுத்த ஒருவர் 'கை காட்டவே காட்டாதீர்கள், பேச்சு வராது' என்று கண்டிப்பாகச் சொன்னார். நாங்களும் வீட்டில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டோம். அந்த இரண்டு வருடம் அவன் தலையைச் சுவரில் முட்டுவான், கடிப்பான். சொல்ல வந்தது வெளியே வரவில்லை. இப்போது இரண்டும் சேர்த்துக் கற்றுத் தருகிறோம். பேச்சும் கூடியிருக்கிறது, அமைதியும் வந்திருக்கிறது.

எங்களுக்கு வேண்டியது வீட்டுக்கு வந்து தாய் தகப்பனுக்குச் சைகை சொல்லித் தரும் ஆள். பேசும்விரல் சொன்னது போல அது டெஃப் ஆளாக இருந்தால் இன்னும் நல்லது, என் மகன் வளர்ந்த ஒரு டெஃப் மனிதரை இதுவரை நேரில் பார்த்ததில்லை. மதுரை ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கான டெஃப்லிம்பிக்ஸில் இறகுப்பந்தில் மூன்று தங்கம் வாங்கிய வீடியோவைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பான். ஆனால் சைகை பேசத் தெரியாத எங்களுக்கும் சொல்லித் தர வரும் டெஃப் ஆளுக்கும் நடுவில் முதல் சில மாதம் ஒருவர் வேண்டுமே. அலைக்கரை மாதிரிப் பிள்ளைகள் அதற்கு வரலாமே.

மூன்று பள்ளி டீச்சர் | மார்ச் 10, இரவு 9.15

நான் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். கடலோரத்தில் மூன்று பள்ளி, அவற்றுக்கு நடுவில் வீட்டுவழிக் கல்வி பெறும் குழந்தைகள். அலைக்கரை பட்டதாரி என்பதால் இந்த வழியும் திறந்திருக்கிறது: சிறப்புக் கல்வியில் பி.எட்., செவித்திறன் குறைபாட்டுப் பிரிவு. சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் சிறப்புக் கல்வி பி.எட். நடத்துகிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையிலும் இருக்கிறது. அதற்கும் ஆர்.சி.ஐ. பதிவு வேண்டும்.

மறைக்காமல் சொல்கிறேன். எங்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில்தான் வேலை பார்க்கிறோம். சம்பளம் தாமதமான மாதங்களும் உண்டு. ஆனால் நிலைமை மாறும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடி உத்தரவிட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிக்கத்தான் சொல்கிறது.

ஒரு குறை சொல்ல வேண்டும். நான் பி.எட். முடித்து வெளியே வந்தபோது எனக்குச் சைகை மொழி வணக்கம், நன்றி, எண்கள் அளவில்தான் தெரியும். கோட்பாடு நிறையப் படித்தோம், கை பழகவில்லை. முதல் நாள் வகுப்பில் ஒரு பெண் குழந்தை என்னிடம் ஏதோ கேட்டாள். மூன்று முறை கேட்டாள். புரியவில்லை. அவளே என்னை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். மாதக் கணக்கில் பழகிய பிறகுதான் தெரிந்தது, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அலைக்கரைக்குக் கை ஏற்கெனவே பழகியிருக்கிறது. பி.எட். எடுத்தாலும் டிஸ்லி எடுத்தாலும் அவர் என்னைவிட நூறு அடி முன்னால்தான் தொடங்குவார்.

லாத்தா, டிஷ் இருந்தால் பிஎம் இ-வித்யா 31-ஆம் சேனலைப் போட்டுப் பாருங்கள். சைகை மொழிக்கென்றே 2024 டிசம்பரில் தொடங்கியது. தம்பிக்கும் உங்களுக்கும் உதவும்.

பாம்பன்கூண்டு | மார்ச் 11, காலை 7.30

யாரும் தொடாத ஒரு விஷயம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். கண்ணால் பார்ப்பது என்பதால் காது கேளாதவர்களுக்கும் அது பொது. ஆனால் எத்தனையாம் எண், எத்தனை மணிக்குள் படகைப் பத்திரப்படுத்த வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டும், இதெல்லாம் ஆட்டோவில் மைக் கட்டித்தான் சொல்கிறார்கள். நடுக்கடலில் இருந்தால் வயர்லெஸ்ஸில் சொல்கிறார்கள். இரண்டுமே காதுக்கு.

1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனதைப் பார்த்த கிழவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். எச்சரிக்கை வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்று இந்தக் கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கஜா சமயத்தில் எங்கள் தெரு டெஃப் தம்பி ஒருவன், எல்லோரும் ஓடுவதைப் பார்த்துத்தான் ஓடினான். ஏன் ஓடுகிறோம் என்று அவனுக்கு மறுநாள்தான் தெரியும். ஊருக்கு ஒருவர் கை பேசத் தெரிந்தவராக இருந்து, புயல் நேரத்தில் காது கேளாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தட்டினாலும் கேட்காது, அதனால் விளக்கை அணைத்துப் போட வேண்டும். இதை வேலை என்று சொல்ல முடியுமா தெரியவில்லை. ஆனால் பேரிடர்ப் பயிற்சியில் இதற்கென்று ஆள் வைக்கக் கேட்டு மனு கொடுக்கலாம். வக்கீல் சார் எழுதித் தந்தால் எங்கள் சங்கத்தின் சார்பில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

முதுகுளத்தூர் வக்கீல் | மார்ச் 11, காலை 9.05

எழுதித் தருகிறேன். உங்கள் தெருத் தம்பியையும் கூட்டிப் போங்கள். அவர் கை பேசட்டும், யாராவது பக்கத்தில் நின்று குரலில் சொல்லட்டும்.

தொண்டிக்காரன் | மார்ச் 11, இரவு 8.00

வாடைக்காற்றைப் படித்த பிறகு என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு இவ்வளவு தெரியாது. இன்று கடைக்கு அவர் வந்தபோது போனைக் கீழே வைத்துவிட்டு, உங்களுக்கு எது வசதி என்று கேட்டேன். விலையைப் பேப்பரில் எழுதச் சொன்னார், 'நன்றி' என்பதைக் கையில் சொல்லிக் கொடுத்தார்.

வருமானம் பற்றிய கவலை மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது. தங்கை அப்பாவிடம் என்ன சொல்லப் போகிறார்?

அலைக்கரை | மார்ச் 11, இரவு 10.45

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு இந்த இழை முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சாயல்குடி அக்கா எழுதிய வழக்கைப் படித்தபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, 'கடலில் வைத்து அவன் எனக்குச் சொன்னதில் பாதிகூட எனக்குப் புரிந்திருக்காது போல' என்றார்.

இப்படிப் பேசி முடித்திருக்கிறோம். டிஸ்லிக்குக் கோயம்புத்தூரில் விண்ணப்பிக்கிறேன். படித்துக்கொண்டே வங்கித் தேர்வும் ஒரு முறை எழுதுவேன், அது அப்பாவுக்காக. முடித்ததும் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெயர் கொடுப்பேன், வீடியோ மொழிபெயர்ப்பு வேலைக்கும் முயல்வேன். அழைப்புகளை மட்டும் நம்பி வீடு நடத்த முடியாவிட்டால் அப்புறம் சிறப்புக் கல்வி பி.எட். சித்தப்பாவிடமும் சொன்னேன். நான் இரண்டு வருடம் ஊரில் இருக்கமாட்டேன் என்று புரிந்ததும் முகம் வாடிவிட்டது. அதை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. அவர் கூட ஆஸ்பத்திரிக்கு யார் போவார்கள்?

பேசும்விரல் அண்ணே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். படிப்பில் சேர்வதற்கு முன்னால் உங்களிடம் கற்க வரலாமா? கட்டணம் சொல்லுங்கள். இலவசமாக வேண்டாம்.

பேசும்விரல் | மார்ச் 12, காலை 6.05

வா. கட்டணம் உண்டு, நேரில் பேசிக்கொள்வோம்.

ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்கும். ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகில் போகும் டெஃப் ஆட்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். சாயங்காலம் படகு கட்டியிருக்கும் இடத்தில் ஏழெட்டு பேர் கூடுவோம். வலை சரி பார்ப்போம், பேசுவோம். நீ முதல் வாரம் எதுவும் பேச வேண்டாம். பார்.

சித்தப்பாவையும் கூட்டிவா. எங்கள் யாரையும் அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இருபது வருடம் ஒரே கரையில் இருந்திருக்கிறோம். நீ இல்லாத இரண்டு வருடத்துக்கு அவருக்கு நாங்கள் வேண்டும். உன் அப்பாவும் வரட்டும், அவருக்கும் கற்றுத் தருகிறேன்.

லாத்தா, மகனை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள்.

ஐந்து மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். அங்கே விளக்கு இல்லை. இருட்டினால் பேச முடியாது.